தெரிந்தவர் எல்லாம் கற்றுத் தரலாமா?

கோடை விடுமுறை வந்துவிட்டால் எங்கள் தருமபுரிப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகள் காலையிலேயே கிணற்று மேட்டில் கூடிவிடுவார்கள். நீச்சல் தெரியாமல் வளர்ந்தால் நாளைக்கு ஏரியோ ஆறோ எதிர்ப்படும்போது ஆபத்து. கற்றுக்கொள்ள இறங்கினாலும் பயம். இரண்டுக்கும் நடுவில் தவிக்கிற தாய்மாரில் நானும் ஒருத்தி.

என் ஒன்பது வயது மகளுக்குப் போன கோடையில் நீச்சல் ஆசை வந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கல்லூரிப் பையன், "நான் சொல்லித் தர்றேன் அக்கா, ஒரே வாரத்துல நீந்திடுவா" என்றான். கெட்டிக்கார நீச்சல்காரன்தான். அந்தச் சமயம் என் அக்கா மகன் லீவில் வந்திருந்தான். கொச்சியிலுள்ள கடற்படை முக்குளிப்புப் பள்ளியில் பயின்றவன். "அவனுக்கு நீந்தத் தெரியும் சித்தி. கத்துக் கொடுக்கத் தெரியுமா?" என்று கேட்டான். இரண்டும் ஒன்றுதானே என்றேன். அதற்கு அவன் தன் தொழிலிலிருந்தே பதில் சொன்னான்.

முக்குளிப்பவர்கள் பயன்படுத்தும் கருவிகளில் ரீபிரீதர் என்று ஒன்று உண்டு. நாம் இழுக்கும் காற்றில் 100க்கு 21 பங்கு ஆக்ஸிஜன். வெளியே விடும் மூச்சிலும் சுமார் 16 பங்கு மிச்சம் இருக்கிறது. சாதாரணக் கருவியில் அது குமிழியாகப் போய் வீணாகிறது. ரீபிரீதரில் அந்த மூச்சு ஒரு டப்பா வழியே சுற்றி வருகிறது. டப்பாவிலுள்ள சோடா லைம் என்னும் சுண்ணாம்புக் குருணை கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். செலவான ஆக்ஸிஜனைச் சிலிண்டர் ஈடு செய்யும். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கும் கருவியிலும் இதே குருணைதான். 1878லேயே ஹென்றி ஃப்ளூஸ் என்ற ஆங்கிலேயர் இப்படி ஒரு கருவியைச் செய்துவிட்டார்.

"ரொம்ப நல்லதாச்சே!" என்றேன்.

"நல்லதுதான். ஆனா சத்தமில்லாம ஆளைக் கொல்லும் சித்தி."

மூச்சு முட்டுகிற உணர்வு நமக்கு வருவது பெரும்பாலும் கரியமில வாயு கூடுவதால்தான். ஆக்ஸிஜன் குறைவதால் அல்ல. இந்தக் கருவியோ கரியமில வாயுவை எடுத்துவிடுகிறது. சிலிண்டரைத் திறக்க மறந்தால் ஒரு திணறலும் இல்லாமல் நினைவு தப்பிவிடும். ஆக்ஸிஜன் அதிகமானாலும் வம்பு. சுத்த ஆக்ஸிஜனை 6 மீட்டர் ஆழத்துக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரலாம். குருணையைக்கூட, நாம் படியில் அரிசியைத் தட்டித் தட்டி நிரப்புவது போல, இடைவெளி விழாமல் நிரப்ப வேண்டும். அதனால் எத்தனை வருஷம் பழகினவராக இருந்தாலும், பட்டியலைக் கையில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கரையிலேயே சில நிமிஷம் சுவாசித்துப் பார்த்த பிறகுதான் இறங்க வேண்டும். ஒரு ரகக் கருவியில் தேறியவர் வேறு ரகத்தைத் தொட்டால் மறுபடி பயிற்சி.

கற்றுக் கொடுக்க வேண்டுமானால் இதுவும் போதாது. அதே கருவியோடு நீருக்கடியில் பல மணி நேரம் பழகியிருக்க வேண்டும். மூத்த ஆசிரியரின் பார்வையில் பாடம் நடத்திக் காட்டித் தேற வேண்டும். "மாணவன் பயப்படறதுக்கு முன்னாடியே அவன் கண்ணைப் பார்த்து வாத்தியார் கண்டுபிடிக்கணும்" என்றான்.

பிறகு கிணற்றுக்குப் போனோம். பையன்கள், தண்ணீருக்கடியில் யார் அதிக நேரம் இருப்பது என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இறங்குமுன் வேகமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டான் நம் கல்லூரிப் பையன். என் அக்கா மகன் ஓடிப்போய் நிறுத்தினான். அப்படிச் செய்தால் உடம்பில் கரியமில வாயு குறைந்து, மேலே வரவேண்டும் என்கிற உந்துதலே தாமதமாகுமாம். அதற்குள் மயக்கம் வந்துவிடும்! கருவியில் உள்ள அதே ஆபத்து வெறும் மூச்சிலும் இருக்கிறது.

கடைசியில் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் மகளை ஒப்படைத்தேன். இரண்டு தலைமுறைக்கு நீச்சல் சொல்லித் தந்தவர். இடுப்பில் கயிறு, முதுகில் சுரைக்குடுக்கை, ஒரு சமயத்தில் ஒரே பிள்ளை. அவருக்கும் தெரியாதது ஒன்று இருந்தது. மூழ்கியவரைத் தலைகீழாகப் பிடித்து வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதுதான் அவர் அறிந்த வைத்தியம். அது கூடாது என்று எடுத்துச் சொன்னதும், "இந்த வயசுல கத்துக்கிட்டா என்ன கொறைஞ்சிடும்?" என்று உட்கார்ந்துவிட்டார். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு முதலில் வாயோடு வாய் வைத்து 2 முறை ஊத வேண்டும். பிறகு நடு மார்பில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாற்றி மாற்றி விடாமல் செய்ய வேண்டும். இன்னொருவர் உடனே 108க்குப் போன் செய்ய வேண்டும்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021ல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். ஒகேனக்கல்லில் காவிரி பெருகினால் பரிசலுக்கும் குளியலுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். தோட்டத்துக் கிணற்றுக்குத் தடை போட யார் வருவார்கள்? நாம்தான் கேட்க வேண்டும்.

சகோதரிகளே! பிள்ளையை நீச்சலுக்கு அனுப்புமுன் சொல்லித் தருபவரிடம் இவற்றைக் கேளுங்கள். எத்தனை பிள்ளைகளுக்குக் கற்றுத் தந்திருக்கிறீர்கள்? ஒரே நேரத்தில் எத்தனை பேரை இறக்குவீர்கள்? கயிறும் மிதவையும் இருக்கிறதா? மூச்சு நின்றால் என்ன செய்வீர்கள்? கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்கிறவரிடம் தைரியமாக அனுப்புங்கள். முதல் சில நாட்கள் நீங்களும் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருங்கள். சமையல் ஒரு மணி நேரம் தாமதமானால் ஒன்றும் குடி முழுகிவிடாது.