'சுத்திக்கிட்டே இருந்தா ஃபெயிலா?' - ரிசல்ட் நாளில் சர்வருக்குள் என்ன நடக்கிறது?

'சர்வர் டவுன்.' ரேஷன் கடை, வங்கி, ரயில் டிக்கெட், தேர்வு முடிவு என எங்கே போனாலும் நாம் கேட்டுப் பழகிவிட்ட இரண்டு வார்த்தைகள். மழை, வெயில் மாதிரி அது தானாக வரும், தானாகப் போகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், பெரும்பாலான நேரங்களில் அதை முன்கூட்டியே சரிசெய்துவிட முடியும் என்று தெரிந்தது.

ரிசல்ட் நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வு எழுதியவர்கள் 7 லட்சத்து 92 ஆயிரத்துக்கும் மேல். மே 8-ம் தேதி காலை 9 மணிக்கு முடிவு. பிள்ளை ஒரு போனில், அப்பா ஒரு போனில், சித்தி ஒரு போனில், டியூஷன் டீச்சர் ஒரு போனில் தேடுகிறார்கள். ஒரு மாணவருக்கு நாலு போன் என்று வைத்தால்கூட 30 லட்சத்தைத் தாண்டுகிறது. அத்தனை பேரும் தட்டுவது ஒரே கதவை, ஒரே நேரத்தில்!

நான் முன்பு வேலை பார்த்த ஒரு செய்தித் தளத்தில், தேர்வு எண்ணைப் போட்டு மதிப்பெண் பார்க்கும் வசதி இருந்தது. அங்கே எனக்கு அது முதல் ரிசல்ட் நாள். 9 மணி தாண்டி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, பக்கம் திணற ஆரம்பித்தது. டெஸ்க் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"ஏம்மா, பாப்பா நம்பரைப் போட்டா சுத்திக்கிட்டே இருக்கும்மா. சுத்திக்கிட்டே இருந்தா ஃபெயிலுன்னு அர்த்தமா?"

"இல்லைங்கய்யா, சர்வர் ஸ்லோவா இருக்கு. மார்க்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நெசமாத்தான் சொல்றியா? அது கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உட்காந்துருக்கும்மா..."

தேர்வு எண்ணையும் பிறந்த தேதியையும் வாங்கி நானே போட்டுப் பார்த்தேன். எனக்கும் சுற்றியது. அவர் லைனிலேயே இருந்தார். எவ்வளவோ நேரம் கழித்து மதிப்பெண் வந்தது. சொன்னேன். அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டே, "பாஸும்மா! கதவத் தொற!" என்று கத்தியது மட்டும் கேட்டது.

அன்று மாலை டெக் டீம் அக்காவிடம் போய் நின்றேன். "இன்னும் பெரிய சர்வரா வாங்கிட்டா சரியாகிடாதாக்கா?"

"கீழ டிபன் கடையில ஒரு தோசைக்கல்லுதானே இருக்கு? ஒரே நேரத்துல ஆறு தோசைதான் ஊத்த முடியும். சப்ளையர் நாலு பேரை நாற்பது பேரா ஆக்கினா தோசை சீக்கிரம் வந்துருமா?"

"வராது. நாற்பது பேரும் மாஸ்டரைச் சுத்தி நின்னு கத்துவாங்க."

"அதான் இன்னிக்கு நடந்தது. நம்ம தோசைக்கல்லு டேட்டாபேஸ். அதுக்கிட்ட ஒரே நேரத்துல எத்தனை பேரை விடணும்னு கணக்கு இருக்கு. அளவா விட்டா, எல்லாருக்குமே சீக்கிரம் கிடைக்கும்."

குறைவாக உள்ளே விட்டால் வேகமாக நடக்கும் என்பது முதலில் எனக்கு விசித்திரமாகத்தான் பட்டது. பிறகு அக்கா ஒரு கணக்கு சொன்னார். 1961-ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் நிரூபித்த விதி அது. நொடிக்கு 100 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் அரை நொடி வேலை என்றால், எந்த நேரத்திலும் உள்ளே சராசரியாக 50 பேர் இருப்பார்கள். அதே வேலைக்கு 5 நொடி ஆனால்? வருகிறவர்கள் கூடவே இல்லை, ஆனாலும் உள்ளே 500 பேர்! கூட்டத்தால் தாமதம் வரும் என்று நமக்குத் தெரியும். தாமதமே கூட்டத்தை உண்டாக்கும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இதற்கு நடுவில் நாம் என்ன செய்கிறோம்? பொறுமை இழந்து 'ரெஃப்ரெஷ்' தட்டுகிறோம். முதலில் கேட்டவர் போய்விட்டார் என்பது பல சமயம் சர்வருக்குத் தெரியாது. பழைய தோசையையும் சுடும், புதிய தோசையையும் சுடும்.

அடுத்த சில மாதங்கள் அக்காவின் டீம் செய்த வேலைகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதல் வேலை, தேர்வு எண்களுக்கு 'இண்டெக்ஸ்' போட்டது. அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது நடுவில் பிரித்து, முன்னேயா பின்னேயா என்று பார்த்துப் போகிறோம் இல்லையா? அப்படிப் பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போனால், 8 லட்சம் எண்களில் ஒன்றை அதிகபட்சம் 20 எட்டில் பிடித்துவிடலாம். அது இல்லாவிட்டால் முதல் வரியிலிருந்து தேட வேண்டியதுதான்.

இரண்டாவது, 'கேஷ்'. மாவட்டவாரி தேர்ச்சி விகிதம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதை ஒருமுறை எடுத்து 10 நொடிக்குப் பிரதியாக வைத்துக்கொண்டால் போதும். நொடிக்கு ஆயிரம் பேர் கேட்டாலும், அந்தப் பத்தாயிரம் பேருக்காக டேட்டாபேஸ் ஒரே ஒரு முறைதான் எழுந்து வர வேண்டும். மூன்றாவது, பக்கத்திலிருந்த கனமான படங்களையும் வீடியோக்களையும் அன்றைக்கு மட்டும் கழற்றிவிடுவது. நான்காவது, ரிசல்ட்டுக்கு முன்பே போலிப் பார்வையாளர்களை ஆயிரக்கணக்கில் அனுப்பி, எங்கே உடைகிறது என்று பார்ப்பது.

அந்த ஒத்திகையில்தான் ஒன்று என்னை உறுத்தியது. திரையில் சராசரி நேரம் நன்றாகவே இருந்தது. "முடிஞ்சதாக்கா?" என்றேன். "சராசரியைப் பார்க்காத. நூறு பேர்ல கடைசியா வர்ற ஒருத்தருக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாரு" என்றார். அந்த ஒருவருக்கு மிக நீண்ட நேரம் ஆகிக்கொண்டிருந்தது. நூற்றில் ஒருவர்தானே என்று தோன்றலாம். 7 லட்சத்து 92 ஆயிரத்தில் அது 7,900 பிள்ளைகள். அவர்களில் பலர் பழைய போனோடு, ஒரு கோடு சிக்னலோடு இருப்பவர்கள். அவர்களுக்கு நம் தாமதமும் சேர்ந்துகொள்கிறது.

இத்தனைக்கும் பிறகும் அளவுக்கு மீறிக் கூட்டம் வந்தால்? சுற்ற விடாமல், வரிசையில் நிறுத்தி, அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது என்று முடிவானது. அந்தப் பக்கத்துக்கான வாசகத்தை எழுதும் வேலை என்னிடம் வந்தது. 'நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள். இந்தப் பக்கம் தானாகவே திறக்கும். இந்தத் தாமதத்துக்கும் உங்கள் மதிப்பெண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். டெக் டீமில் யாரும் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை.

மறு வருடம் சில நிமிடங்கள் அந்த வரிசைப் பக்கம் வந்துபோனது. டெஸ்க் போனும் அடித்தது. கட் ஆஃப் கேட்டார்கள், மறுகூட்டல் எப்போது என்று கேட்டார்கள். "சுத்துதே, ஃபெயிலா?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அடுத்த ரிசல்ட் நாளில் உங்கள் வீட்டிலும் பக்கம் சுற்றினால், ஒரே போனில், ஒரே ஒருவர் மட்டும் முயற்சி செய்யுங்கள். ரெஃப்ரெஷ் தட்டும் முன் ஒரு நிமிடமாவது விடுங்கள். பள்ளியில் கொடுத்த மொபைல் எண்ணுக்கு எஸ்.எம்.எஸ்-ஸிலும் மதிப்பெண் வரும், டிஜிலாக்கரிலும் பார்க்கலாம். முக்கியமாக, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: சுற்றுவது சர்வர்தான், அதற்கு உன் மார்க் இன்னும் தெரியவே தெரியாது!