தொட்டியில் ஒரு விலாங்கு

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுவது விலாங்கு என்று நம்மவர் சொல்வதுண்டு. இரு பக்கமும் நல்லவராக நடிக்கும் மனிதரை ஏசப்போய், ஒரு பாவமும் அறியாத பிராணியின் பெயரைக் கெடுத்துவிட்டனர். விலாங்கு தலையிலும் மீன், வாலிலும் மீன்.

துணுக்காய்ப் பக்கத்துப் பிள்ளைகள் வவுனிக்குளத்து வாய்க்காலில் நெளிகின்ற எதனையும் விலாங்கு என்றே கொண்டுவந்து, கண்ணாடித் தொட்டியில் விடவேண்டும் என்று அடம்பிடிப்பர். தொட்டியைத் தேடுமுன் வந்திருப்பவர் யார் என்று பார்ப்பது நலம். உடலெங்கும் செதில் தெரிய, செட்டையே இல்லாமல், பிளவுபட்ட நாக்கை நீட்டினால் அது தண்ணீர்ப் பாம்பு, மரியாதையாக வழியனுப்பிவிடுக. விலாங்குக்குத் தலையின் பின்னே இரு சிறு செட்டைகள் உண்டு. முதுகுச் செட்டையோ வாலைச் சுற்றி வயிற்றுப்புறம் வரை ஒரே நாடாவாக ஓடும். இலங்கை நன்னீரில் வாழும் விலாங்குகளுள் ஒருவகையில் அச்செட்டை மலவாய்க்கு ஏறக்குறைய நேர்மேலே தொடங்கும். மற்றதில் வெகு முன்னே தொடங்கும், மேனியிலும் கருந்திட்டுகள் படர்ந்திருக்கும்.

முதுகில் சிறு முட்கள் வரிசையாக நின்று, மூக்கு ஒரு குட்டித் துதிக்கைபோல் நீண்டிருந்தால் அது ஆரல். உருவத்தால் மட்டுமே விலாங்குக்கு உறவு. குறுந்தொகையின் 25ஆம் பாட்டிலே, களவு மணத்துக்குச் சாட்சியாகக் கபிலர் நிறுத்திய குருகு பார்த்துக்கொண்டிருந்தது இந்த ஆரலைத்தான்!

வீட்டில் வளர்ப்பதற்கு நாம் ஆரலையே சொல்வோம். இரண்டடிக்கு மேலும் வளரக்கூடியதாகையால் தொட்டி நாலடியாவது நீளம் வேண்டும். மெல்லிய ஆற்றுமணலைப் பரப்பினால், அதற்குள் புதைந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். கூரிய கல் வேண்டாம், மேனி கிழியும். உடைந்த சட்டியொன்றைக் கவிழ்த்துவைத்தால் அதுவே அதற்கு மாளிகை. இரை இரவில்தான், மண்புழுவையும் சிறு இறாலையும் விரும்பும். பகலில் போட்டுவிட்டுத் தின்னவில்லையே என்று கலங்குவது வீண். மிச்சம் அழுகி நீரைக் கெடுக்கும். சிறு மீன்களை உடன் விடுவோர் காலையில் எண்ணிப் பார்த்துக்கொள்க. எல்லாவற்றிலும் முக்கியம் மூடி. சிறு இடைவெளி இருந்தாலும் போதும், விடியும்போது நிலத்தில் காய்ந்து கிடக்கும்.

விலாங்கின் கதை வேறு. அது பிறப்பது கடலில். இலைபோல் தட்டையான, உடல் ஊடுதெரியும் குஞ்சாக நீரோட்டத்தில் மிதந்து, கழிமுகம் சேர்ந்து, ஆறேறி, நன்னீரில் ஆண்டுக்கணக்கில் வளர்கிறது. பருவம் வந்ததும் இரையை மறந்து, மேனி வெள்ளிபோல் மாறிக் கடலுக்கு மீள்கிறது. ஒரே முறை இனம்பெருக்கி மடிகிறது. ஜப்பானிய விலாங்கின் முட்டையைப் பசிபிக் கடலில் விஞ்ஞானிகள் முதன்முதல் கண்டெடுத்தது 2009ஆம் ஆண்டிலேதான் என்றால் அந்த இரகசியத்தின் ஆழம் விளங்கும். வழி அடைபட்டாலோ அது நெடுங்காலம் காத்திருக்கும். சுவீடன் தேசத்தில் பிரான்டெவிக் என்னும் ஊரிலே, 1859இல் ஒரு சிறுவன் கிணற்றில் விட்டதாகச் சொல்லப்படும் விலாங்கு இறந்தது 2014இல்!

முழங்கை நீளத்தில் வந்து நம் வீட்டுத் தொட்டியில் ஈராண்டு இருந்த விலாங்கு, மார்கழி மழை கொட்டிய ஓரிரவில் மூடியை முட்டத் தொடங்கியது. வவுனிக்குளம் வான்பாய்ந்து, பாலியாறு மேற்குக் கடலை நோக்கிப் பெருகியோடிய காலம். பெயரிட்டு வளர்த்த சின்ன மகள் ஒரு வாரம் சம்மதிக்கவில்லை. மண்புழுவைத் தொடாமல் அது கண்ணாடியோரமே சுற்றுவதைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் ஈரச் சாக்கை அவளே எடுத்துவந்தாள். வான்பாயும் இடத்துக்குக் கீழே விட்டோம். அது திரும்பிப் பார்க்கவில்லை. அவள்தான் நெடுநேரம் கரையில் நின்றாள்.

இப்போது அந்தத் தொட்டியில் ஆரல் ஒன்று இருக்கிறது. மணலுக்கு மேலே மூக்கு மட்டும் தெரியும்.