வெறுங்கையும் மனநிறைவும்

2004இல் தோன்றி, 2019இல் பழைய வடிவிலே மீண்டும் வெளிவந்த இணைய விளையாட்டு 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராப்ட்'. அதில் 60ஆம் படியை எட்டிய நாற்பதின்மர் கூடி, எரிகுகையில் உறையும் ராக்னரோஸ் என்னும் தீயரசனை எதிர்ப்பர். வென்றபின் கிடைப்பனவோ சில கவசங்களும் படைக்கலங்களுமே. பெரும்பாலோர் வெறுங்கையுடன் மீள்வர். அடுத்த வாரமும் அதே குகை!

"வீணுழைப்பன்றோ இது?" என எம் மகனைக் கடிந்தோம்.

"காயப்பட்டவையைச் சுகமாக்கிறது நான், அப்பா. நான் எழும்பினால் ஆக்கள் செத்துப்போவினம்" என்றான்.

சென்ற மாதம் காய்ச்சலிலும் அவன் எழவில்லை. எம் நெஞ்சு துணுக்குற்றது. எம் சொல்லுக்குச் செவிசாயாதவனை, "போய்ப் படுத்துறங்கு" எனத் தோழர்களே அனுப்பிவைத்தனர். அன்றிரவு அவர்கள் தோற்றனராம்.

பரிசு யாதென்பதை அன்றே உணர்ந்தோம். எழுந்து செல்ல விடும் கூட்டமே நிறைவு தரும்; விடாத கூட்டம் தருவது வெறும் விலங்கு.