சாளரத்தின் இருபுறமும்

கடனாநதி பாயும் ஆழ்வார்குறிச்சியிலே என் அத்தை வாழ்ந்து வந்தார்கள். கைம்பெண், பிள்ளைகள் இல்லை. அரசு மாதந்தோறும் அளித்த 1,000 ரூபாய் உதவித்தொகையே அவர்களுக்கு அரிசியும் மருந்துமாக இருந்தது. 2018-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு மாதம் அப்பணம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. அவர்களை அழைத்துக்கொண்டு அலுவலகம் ஒன்றிற்குச் சென்றேன்.

சாளரத்திற்கு அப்பாலிருந்த இளைஞர் கணினியைப் பார்த்தார்; அத்தையைப் பார்த்தார்; மீண்டும் கணினியைப் பார்த்தார்.

"ஆச்சி, நீங்க இறந்துட்டதாப் பதிவாயிருக்கு."

"ஏ ஐயா, நான்தான் ஒன் முன்னால நிக்கேனே!"

"நீங்க சொல்லுதது சரிதான் ஆச்சி. நான் என்ன செய்ய? உயிரோட இருக்கதுக்கு ஒரு சான்று வாங்கிட்டு வாங்க."

அவர் கெட்டவர் அல்லர். அத்தை அமர்வதற்கு நாற்காலி எடுத்துப் போட்டவரும் அவரே. ஆனால் கண்முன் நின்ற மனுஷியைக் காட்டிலும் பதிவேடே அவருக்கு மெய்யாகத் தோன்றியது. சான்று வாங்கிச் சென்றோம். வேறொரு மேசையைக் காட்டினார்கள். அங்கே சென்றோம், மேலிடத்து ஆணை வேண்டும் என்றார்கள். அந்த மேலிடம் எது என்பதை எவரும் சொல்லவில்லை. இதற்கிடையே 2019 நவம்பரில் நெல்லை மாவட்டம் பிரிந்து தென்காசி மாவட்டம் உதயமாயிற்று. கோப்பு எந்தப் பக்கம் போயிற்றோ என்ற ஐயமும் சேர்ந்துகொண்டது.

அந்நாட்களில்தான் என் மருமகன் ஒரு நூலைக் கொடுத்து, "மாமா, இதை வாசித்துப் பாருங்கள்" என்றான். பிராகு நகரத்து எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா எழுதிய 'விசாரணை' என்னும் நாவல் அது. அவர் 1924-இல் காசநோயால் மரித்தார். மறு ஆண்டு அவருடைய நண்பர் மாக்ஸ் பிராட் அதனை வெளியிட்டார். யோசப் க. என்னும் வங்கி அதிகாரி, தமது முப்பதாவது பிறந்த நாளன்று காலையில் கைது செய்யப்படுகிறார். குற்றம் இன்னதென்று எவரும் கூறவில்லை. ஏழைகளின் குடியிருப்புகளில், மாடி முகட்டு அறைகளில் நீதிமன்றம் நடக்கிறது. ஓராண்டு அலைகிறார். நீதிபதியின் முகத்தைக் காணாமலே, முப்பத்தோராம் பிறந்த நாளுக்கு முந்திய இரவில் கொல்லப்படுகிறார்.

அந்நூலில் பேராலயம் ஒன்றில் சிறைக்குரு யோசப்புக்கு ஒரு கதை சொல்கிறார். சட்டத்தின் வாயிலுக்கு ஒரு நாட்டுப்புறத்து மனிதன் வருகிறான். காவலன் அவனை இப்போது விடுவதற்கில்லை என்கிறான். கதவோ திறந்தே இருக்கிறது. அவன் தன் ஆயுள் முழுவதும் வாயிலருகே காத்திருந்து மூப்படைகிறான். சாகும் வேளையில்தான், அவ்வாயில் அவன் ஒருவனுக்காகவே அமைந்தது என்று கேள்விப்படுகிறான். உடனே கதவும் மூடப்படுகிறது.

இது வெறும் கற்பனை என்று தள்ளிவிடலாகுமோ? நம் நாட்டில், உத்தரப் பிரதேசத்து ஆசம்கர் மாவட்டத்தைச் சேர்ந்த லால் பிஹாரி என்பவர் வங்கிக் கடனுக்காகச் சான்று கேட்கச் சென்றபோது, தாம் வருவாய்ப் பதிவேட்டில் இறந்தவராக எழுதப்பட்டிருப்பதை அறிந்தார். நிலத்தின்மீது ஆசை கொண்ட உறவினர் செய்த வேலை அது. 1975 முதல் 1994 வரை அவர் சட்டத்தின் கண்ணில் பிணம்! 'இறந்தவர்' என்று பொருள்படும் 'மிருதக்' என்னும் சொல்லைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். பெருந்தலைவர்களை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். இறந்தவன் வேட்பாளனாக நிற்க இயலாதன்றோ! தம்மைப் போன்றவர்களுக்காகச் சங்கமும் அமைத்தார்.

இவற்றையெல்லாம் வாசித்தபோது அதிகாரிகள்மீது எனக்குச் சினம் மூண்டது. ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

நானும் முப்பதாண்டுகள் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். சாளரத்திற்கு அப்புறம் அமர்ந்திருந்தவன்! ஒருமுறை கிராமத்து முதியவர் ஒருவர், தம் பெயரின் முதலெழுத்தில் நேர்ந்த பிழையைத் திருத்தக் கேட்டு ஐந்து முறை வந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறைவதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். விதியின்படி நான் செய்ததில் பிழையில்லை. ஆறாம் முறை அவர் வரவில்லை. "தொல்லை விட்டது" என்று எண்ணினேன். அவருக்கு என்ன ஆயிற்று? இன்றளவும் எனக்குத் தெரியாது. அவருடைய முகமும் நினைவில் இல்லை; குறைந்த தாள் எதுவென்பது மட்டும் நினைவிருக்கிறது. காஃப்காவின் காவலன் யாரென்று அன்றிரவு அறிந்துகொண்டேன். காஃப்காவும் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் 1908 முதல் 1922 வரை பணியாற்றியவரே. சாளரத்தின் இருபுறமும் அவருக்குத் தெரிந்திருந்தது.

நாட்டுப்புறத்து மனிதன் காத்திருந்தான். ஆனால் லூக்கா நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டும் கைம்பெண் காத்திருக்கவில்லை. கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத நடுவனிடம் ஓயாது சென்று முறையிட்டாள், நீதி பெற்றாள். மன்றாட்டுக்குச் சொல்லப்பட்ட அந்த உவமை மனுவுக்கும் பொருந்தும் என்று துணிந்தேன். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்து, "என் அத்தை எந்த ஆவணத்தின்படி இறந்தார்கள்?" என்று கேட்டேன். சட்டம் குறித்த முப்பது நாட்களுக்குள் பதில் வந்தது. அதே பெயர் கொண்ட வேறொரு மூதாட்டியின் மரணம் அத்தையின் கணக்கில் ஏறியிருந்தது! 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உதவித்தொகை மீண்டும் வந்தது.

"நான் செத்ததுக்கு ஊர்ல ஒருத்தரும் அழலியே!" என்று அத்தை சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அன்பார்ந்த பெற்றோரே, நம் பங்கில் எழுதப் படிக்கத் தெரியாத முதியோர் எத்தனை பேர்! மனு எழுதித் தரவும், ஒப்புகைச் சீட்டுக் கேட்டு வாங்கவும், நகலைப் பத்திரப்படுத்தவும் உங்கள் பிள்ளைகளைப் பழக்குங்கள். அப்பிள்ளைகளுள் சிலர் நாளை சாளரத்திற்கு அப்புறம் அமர்வார்கள். தாளைப் பார்க்குமுன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு இன்றே சொல்லி வையுங்கள். எனக்கு அதை எவரும் சொல்லவில்லை, நானும் கேட்டறியவில்லை.