இரவல் பெயரில் ஒரு கிட்டார்

மாமாவின் எலெக்ட்ரிக் கிட்டார் தலையில் 'மஸ்டாங்' என்று எழுதியிருக்கிறது. கூடவே 'சன்' என்று இன்னொரு பெயர். 'மேட் இன் இந்தியா' என்பதும் உண்டு. ஆனால் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெரியாது. அதனால் நெய்வேலி டவுன்ஷிப்பில் அதற்கு 'ஃபாரின் கிட்டார்' என்றே பெயர். மாமா ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. பகலில் சுரங்கத்தில் கன்வேயர் வேலை, ராத்திரியில் ஆர்கெஸ்ட்ராவில் லீட் கிட்டார். ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஆள் கிடைத்தால் மந்தாரக்குப்பத்திலிருந்து பண்ருட்டிவரை எந்தத் திருவிழா மேடையையும் விட்டதில்லை. 90-களின் தொடக்கத்தில் மெட்ராஸில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது அது.

போன பொங்கலுக்கு அவருடைய பேரன் சென்னையிலிருந்து புது கிட்டாரோடு வந்தான். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், பிளேயர் வரிசை, மெக்சிகோவின் என்செனடாவில் செய்தது. இரண்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினோம். அதே இரட்டைக் கொம்பு, அதே மூன்று பிக்கப், வயர் மாட்டும் இடத்தில் அதே சாய்ந்த குழி. "தாத்தா, இது எதோட காப்பி?" என்று கேட்டுவிட்டான் பையன்.

"காப்பியா? உங்கம்மாவுக்கு வாங்கின மொத சைக்கிள் இது சம்பாதிச்சதுடா" என்று எழுந்து போய்விட்டார் மாமா.

கேள்வி எனக்கு விடப்பட்டது. பெயரிலிருந்து தொடங்குவதுதான் சுலபம் என்று தோன்றியது. மஸ்டாங் என்பது ஃபெண்டர் கம்பெனி 1964-ல் கற்றுக்குட்டிகளுக்காகக் கொண்டுவந்த சின்ன கிட்டார். அதில் தந்தியின் அதிரும் நீளம் 24 அங்குலம். அளவு நாடாவை எடுத்து மாமாவுடையதை அளந்தேன்: இருபத்தைந்தரை. அது ஸ்ட்ராட்டோகாஸ்டரின் நீளம். வடிவம் அது, அளவு அது, பெயர் மட்டும் வேறு.

'சன்' இன்னும் விசித்திரம். சன் கிட்டார் கம்பெனியே அல்ல. 'லூயி லூயி' பாட்டால் பெயர் வாங்கிய கிங்ஸ்மென் குழுவின் பேஸ் கிட்டார்காரர் நார்ம் சண்ட்ஹோம், தன் சத்தம் மேடையில் எடுபடவில்லை என்று 1960-களில் சகோதரரோடு சேர்ந்து அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தொடங்கிய ஆம்ப்ளிஃபயர் கம்பெனி. 80-களின் நடுவில் அது ஃபெண்டர் கைக்கு வந்தது. அந்தப் பெயரையும் தன்னுடைய பழைய குட்டி கிட்டாரின் பெயரையும் ஒட்டி, ஸ்ட்ராட்டோகாஸ்டர் உடம்பு ஒன்றுக்குச் சூட்டி, 80-களின் கடைசியில் இந்தியாவில் செய்வித்து விற்றது ஃபெண்டர். மாமாவின் கிட்டார் அதில் ஒன்று. 'ஸ்கொயர் 2' என்ற பெயரிலும் அதே காலத்தில் இந்தியாவில் சில செய்யப்பட்டன. ஸ்கொயரும் இரவல்தான்: 1890-ல் மிச்சிகனில் தொடங்கிய தந்திக் கம்பெனி, 1965-ல் ஃபெண்டர் வாங்கிப் போட்டது, 1982-ல் ஜப்பானில் மலிவு விலை கிட்டார் செய்யத் தொடங்கியபோது தூசி தட்டி எடுத்தது. தன் பெயரைப் போட்டால் விலை இறங்கும், போடாவிட்டால் சந்தை போகும் என்ற இடத்தில் ஃபெண்டர் கண்டுபிடித்த வழி இது என்றுதான் எனக்குப் படுகிறது.

நம் ஊர்க்காரர்கள் மட்டும் சளைத்தவர்களா? இறக்குமதி லைசென்ஸ் காலத்தில் தமிழ்நாட்டு ஆர்கெஸ்ட்ராக்களுக்கு கொல்கத்தாதான் கிட்டார் தந்தது. கிப்சனை நினைவுபடுத்த கிவ்சன், ஹோஃப்னரை நினைவுபடுத்த ஹோப்னர். வட ஆர்க்காடு தென் ஆர்க்காடு மேடைகளில் கிவ்சன் வாசிக்காத கை அந்தத் தலைமுறையில் அபூர்வம். அவற்றுக்கு நடுவே மாமாவுடையது நிஜமாகவே ஃபெண்டரின் வாரிசு. ஆகவே பேரனுக்குச் சொல்லலாம்: இது காப்பிதான், ஆனால் அசலைச் செய்தவனே செய்வித்த காப்பி.

அந்த அசல் எது என்பதில்தான் அடுத்த சிக்கல்.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. இசைக்காரரான ஃப்ரெடி டவாரெஸ் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடம்பை வரைந்தார். மரத்தின் விளிம்பு விலாவில் குத்துகிறது என்று புகார் சொன்ன வாசிப்பாளர்களுக்காகப் பின்பக்கம் செதுக்கி எடுத்தார்கள். 1954-ல் விற்பனைக்கு வந்தது. ட்ரெமோலோ கம்பியோடு 249.50 டாலர். ஆஷ் மர உடம்பு, கழுத்தும் விரல் பலகையும் ஒரே மேப்பிள் துண்டு. கழுத்து வளையாமலிருக்க உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைப் பின்னாலிருந்து செருகி, அந்தப் பள்ளத்தை வால்நட் கீற்றால் அடைத்தார்கள். இரண்டே வருடத்தில் பெரும்பாலும் ஆல்டர் மரத்துக்கு மாறினார்கள். 1959-ல் விரல் பலகை ரோஸ்வுட் ஆனது. 1965 ஜனவரியில் சிபிஎஸ் ஒளிபரப்புக் கம்பெனி ஃபெண்டரை 1.3 கோடி டாலருக்கு வாங்கியது, அந்த ஆண்டு முடிவதற்குள் கிட்டாரின் தலை பெருத்தது. 1971-ல் கழுத்தைப் பிடிக்கும் நான்கு ஸ்க்ரூ மூன்றானது. கழுத்து ஆடுகிறது என்ற வசவும் கூடவே வந்தது. 1985-ல் பில் ஷுல்ட்ஸ் தலைமையில் ஊழியர்களே கம்பெனியை வாங்கினார்கள். ஃபுல்லர்டன் தொழிற்சாலை அந்த பேரத்தில் இல்லை.

சிபிஎஸ்ஸுக்கு முன் தங்கம், பின் தகரம் என்று கிட்டார் கடைகளில் வேதவாக்கு மாதிரிச் சொல்வார்கள். அதை நான் நம்பத் தயாரில்லை. 1969-ல் வுட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்த வெள்ளை ஸ்ட்ராட் 1968-ல் செய்தது, சிபிஎஸ் காலத்துப் பெருத்த தலையோடு. இன்னொரு பக்கம், எரிக் கிளாப்டனின் புகழ்பெற்ற 'பிளாக்கி' 1950-களின் மூன்று ஸ்ட்ராட்களைப் பிரித்துத் தேறிய பாகங்களைச் சேர்த்துச் செய்தது. 2004 ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போன அந்தக் கிட்டாருக்கு எந்த வருஷத்துப் பிறப்புச் சான்றிதழ் கொடுப்பது? கழுத்தை ஒட்டாமல் ஸ்க்ரூ போட்டு மாட்டிய அன்றே அசல் என்ற பேச்சுக்கு லியோ ஃபெண்டர் முடிவு கட்டிவிட்டார்.

மாமா சமாதானமாகித் திரும்பியதும் பிரிக்க அனுமதி கேட்டேன். "பிரி, ஆனா ஸ்க்ரூவ எண்ணி வெய்யி மாப்ள" என்றார். தந்திகளைத் தளர்த்தி, முன்பக்க வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டைத் தூக்கினோம். பிக்கப்புக்காகக் குடைந்த பள்ளத்தின் சுவரில் அடுக்கடுக்காகக் கோடுகள். பிளைவுட். மாமா ஒன்றும் பேசவில்லை. முப்பது வருடம் தோளில் தொங்கியது கட்டை மரம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

பிக்கப்பைத் திருப்பிப் பார்த்தோம். பழைய ஃபுல்லர்டன் பிக்கப்பில் தந்திக்கு ஒன்றாக ஆறு அல்னிகோ காந்த உருளைகள் நிற்கும்; அவற்றையே சுற்றி தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. பேரனுடையதிலும் அல்னிகோதான். மாமாவுடையதில் நிற்பவை வெறும் இரும்புக் குச்சிகள், அடியில் செராமிக் காந்தப் பட்டை ஒன்று ஒட்டியிருந்தது. மலிவு கிட்டார்களில் அதுதான் வழக்கம். தந்தியின் அதிர்வைக் காந்தப்புலம் வாங்குகிறது, கம்பிச் சுருள் அதை மின்சாரமாக்குகிறது. எலெக்ட்ரிக் கிட்டாரின் குரல்வளை அந்த இடம்தான். மூன்று கிட்டார்களின் பாகம் கலந்தும் 'பிளாக்கி' ஸ்ட்ராட்டாகவே ஒலிப்பதற்கு இதுவே காரணம் என்பது என் கட்சி. மரத்தைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் போட்டுக்கொண்டிருக்கட்டும்.

இந்தச் சுருளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தந்தியின் அதிர்வை மட்டுமல்ல, வீட்டு வயரிங், ஃபேன் ரெகுலேட்டர், டியூப் லைட் சோக் எல்லாவற்றின் மின்காந்த அலைச்சலையும் சேர்த்து வாங்கி, ஆம்ப்பில் 'ம்ம்ம்' என்று முனகும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே முனகலின் உரத்த பங்கு 120-ல் விழும், ஏ ஷார்ப்புக்கும் பிக்கும் நடுவில். நம் ஊரில் 50. சோவியத் உதவியோடு 1962-ல் ஓடத் தொடங்கிய நெய்வேலி முதல் அனல் மின் நிலையத்தின் டர்பைன்கள் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றியது அந்த 50-க்காகத்தான். ஆகவே இங்கே முனகல் 100-ல், ஜி ஸ்வரத்துக்கு ஒரு மயிரிழை மேலே. ஃபுல்லர்டனில் பிறந்த அசல் ஸ்ட்ராட்டைக் கொண்டுவந்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் மாட்டினாலும் அது நெய்வேலி சுருதியில்தான் முனகும். மாமாவிடம் இதைச் சொன்னபோது ஆம்ப்பைப் போட்டுவிட்டு மூன்றாம் தந்தியைத் திறந்து தட்டிப் பார்த்தார். "அதான் ஜி மேஜர் பாட்டுல மட்டும் எனக்கு எரிச்சல் வரும். சுருதி சேரலேன்னு கீபோர்டுக்காரனத் திட்டியிருக்கேன்." அந்த மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டுவிட்டது. ஹெர்ட்ஸ் மாறவில்லை, எரிச்சலும்தான்.

புதியவற்றில் இதற்கு ஒரு தந்திரம் செய்திருக்கிறார்கள். நடு பிக்கப்பின் சுற்றையும் காந்த முனையையும் தலைகீழாக வைத்துவிட்டால், அது பக்கத்து பிக்கப்போடு சேரும்போது முனகல் முனகலைத் தின்றுவிடும், தந்தியின் ஓசை மட்டும் கூடும். ஆனால் 1954 ஸ்ட்ராட்டில் அப்படிச் சேர வழியே கிடையாது. ஸ்விட்ச்சுக்கு மூன்று நிலைதான். வாசிப்பவர்கள் ஸ்விட்சை இரண்டு நிலைகளுக்கு இடையில் சிக்கவைத்து, அந்த மூக்கடைத்த குரலைத் திருட்டுத்தனமாக எடுத்தார்கள். கம்பெனி அதை ஒப்புக்கொண்டு ஐந்து நிலை ஸ்விட்ச் போட 1977 ஆயிற்று.

பழையதில் 21 ஃபிரெட், புதியதில் 22; அதைச் சொல்லிவிட்டு நகரலாம். வளைவு வேறு விஷயம். 1954-ன் விரல் பலகை ஏழேகால் அங்குல ஆர வட்டத்தின் துண்டு. கார்டு பிடிக்க விரல் நன்றாக உட்காரும். ஆனால் மேல் ஸ்தாயியில் தந்தியை இழுத்தால் அடுத்த ஃபிரெட்டில் இடித்து ஓசை செத்துப்போகும். இப்போது ஒன்பதரை அங்குலம். பலகை தட்டையாகிவிட்டது, முன்னைவிட அதிகம் இழுத்தாலும் தாங்கும். நம்மவர்களுக்கு, அதாவது சினிமாப் பாட்டின் வயலின் கமகத்தையும் நாதஸ்வரத்தையும் ஒற்றைக் கிட்டாரில் இழுத்தே சமாளிக்க வேண்டிய ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கு, புதியது வரப்பிரசாதம்.

கடைசியாகப் பலகை மரம். பேரனுடையது ரோஸ்வுட் இல்லை, பாவ் ஃபெரோ என்ற தென் அமெரிக்க மரம். 60-களின் நடுப்பகுதி வரை ஃபெண்டர் பிரேசில் ரோஸ்வுட்டைப் போட்டது, பிறகு இந்திய ரோஸ்வுட்டுக்கு வந்தது. அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வோம். தமிழ்நாட்டில் பட்டா நிலத்தில் நின்றாலும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாதபடி 1994-ல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. 2017 ஜனவரியில் அந்த மரப் பேரினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, விற்பனைக்காக எல்லை தாண்டும் ஒவ்வொரு ரோஸ்வுட் கிட்டாருக்கும் காகிதம் தேவைப்பட்டது. ஃபெண்டர் தன் மெக்சிகோ கிட்டார்களைப் பாவ் ஃபெரோவுக்கு மாற்றியது. 2019-ல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது, ஆனால் பிளேயர் வரிசை அதற்குள் கடைக்கு வந்துவிட்டது. மாமாவுடைய பலகையைத் துடைத்து எண்ணெய் தடவியபோது கருஞ்சிவப்பில் ஊதா ஓடும் ரேகை தெளிந்தது. ஈட்டியேதான். பிளைவுட் உடம்பு, செராமிக் காந்தம், இரவல் பெயர், அவற்றின் மேல் புதுக் கிட்டாருக்குக் கிடைக்காத மரம். கட்டிலைச் சுற்றி நின்ற எங்களில் மாமாதான் முதலில் சிரித்தார்.

பேரனுக்கு ஆசை வந்துவிட்டது. நான்கு ஸ்க்ரூதானே, இரண்டு கழுத்தையும் மாற்றிப் பார்க்கலாம் என்றான். மாமாவின் கழுத்து மெக்சிகோ உடம்பில் கொஞ்சம் இறுக்கமாக உட்கார்ந்தது. பேரனை வாசிக்கச் சொல்லிவிட்டு மாமா அடுத்த அறையில் போய் நின்று கேட்டார். "இது புதுசோட கொரல்" என்று அங்கிருந்தே சொன்னார். கழுத்து மட்டும் மாறியிருப்பது அவருக்குத் தெரியும். இருந்தும் காது பிக்கப்பின் பக்கம்தான் சாய்ந்தது.

கழுத்துகளைத் திரும்ப அவரவர் உடம்பில் மாட்டினோம். மாமாவுடையதில் ஒரு மாற்றம் மட்டும் செய்தோம்: நடு பிக்கப் தலைகீழாகச் சுற்றிய அல்னிகோ செட் ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்துப் பற்றவைத்தோம். செராமிக் பிக்கப்புகளைத் தூக்கிப்போட மாமா விடவில்லை, பிளாஸ்டிக் கவரில் கட்டி பீரோவில் வைத்திருக்கிறார். ஸ்விட்ச் இரண்டாம், நான்காம் நிலையில் இப்போது முனகல் இல்லை. ஜி மேஜர் பாட்டு வந்தால் அவர் அங்கே தள்ளிக்கொள்கிறார், லீட் வரும்போது மட்டும் ஐந்துக்குப் போகிறார். 'மஸ்டாங்' எழுத்தைச் சுரண்டிவிட்டு ஃபெண்டர் ஸ்டிக்கர் ஒட்டலாமே என்று பேரன் ஒருநாள் போனில் கேட்டிருக்கிறான். "உன்னோடதுல வேணா மஸ்டாங்னு எழுதிக்க" என்று சொல்லி வைத்துவிட்டாராம்.