கழிவறைகளை எண்ணினோம், குழந்தைகளை எண்ணினோமா?



சென்னை மாநகரின் தாகம் தீர்க்கும் புழல் ஏரிக்கு அருகில் வசிப்பவள் நான். ஏரி நிறைந்து ததும்பும் நாளிலும், எங்கள் தெருவில் தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் குடங்கள் வரிசையில் நின்றதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கழிவறை எழும்பிற்று. இனி வயிற்று நோய்க்கு விடை கொடுத்துவிட்டோம் என அகமகிழ்ந்தோம். அடுத்த மழைக்காலத்திலேயே என் பேரன் வயிற்றுப்போக்கால் துவண்டு, கண்கள் குழிவிழுந்து மருத்துவமனையில் கிடந்தான். அல்லாஹ்வின் அருளால் பிழைத்தான். "குடிநீரை எப்படி எடுக்கிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்டார். நான் தலைகுனிந்தேன். கையும் குவளையும் சேர்த்தல்லவா குடத்தினுள் முக்கி வந்தோம்!

ஒடிசாவின் புரி மாவட்டத்தில் 100 கிராமங்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். அவற்றுள் 50 கிராமங்களில் கழிவறைத் திட்டம் நடந்தது. மற்ற 50 கிராமங்கள் ஒப்பிடுவதற்காக விடப்பட்டன. திட்டம் நடந்த ஊர்களில் கழிவறை உள்ள வீடுகள் 9 விழுக்காட்டிலிருந்து 63 விழுக்காடாக உயர்ந்தன. ஆயினும் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறையவில்லை என 2014இல் வெளியான முடிவு கூறிற்று. கட்டிய கழிவறையைப் பலர் பயன்படுத்தவே இல்லை என்பது ஒரு முக்கியக் காரணம்.

கராச்சியின் குடிசைப் பகுதிகளிலோ சோப்பு வழங்கி, வாரந்தோறும் வீடு தேடிச் சென்று கைகழுவும் முறையை வலியுறுத்தினார்கள். சிறுவர்களிடையே வயிற்றுப்போக்கு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2005இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

ஆகவே கழிவறை வீண் என எண்ணிவிடாதீர்கள். அது அவசியம், அது மட்டுமே போதாது. திட்டத்தின் வெற்றியைச் செங்கல்லை எண்ணி அறிய இயலாது. நோயுற்ற பிள்ளைகளை எண்ணியே அறிய வேண்டும். ஒரு வீட்டின் கணக்கும் போதாது. நல்ல மழையாண்டு நம்மை ஏமாற்றிவிடும். திட்டம் வந்த தெருவையும் வராத தெருவையும் ஒப்பிட்டால்தான் உண்மை புலப்படும்.

இப்போது எங்கள் குடத்திற்கு மூடியும் நீண்ட பிடியுள்ள அகப்பையும் உண்டு. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும் நாட்களை நாட்காட்டியில் குறித்து வருகிறேன். அண்டை வீட்டாரையும் குறிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஐவேளை உளூச் செய்யும் நாம், சோறு பிசையுமுன்னும் குழந்தையைக் கழுவிவிட்ட பின்னும் சோப்பை மறக்கலாமா? சிந்திப்போமாக!