எந்தக் குரூப்?

மே மாதம் வந்தால் ராஜகீழ்ப்பாக்கத்தில் மூன்று காரியங்கள் தவறாமல் நடக்கும். கிணறுகளில் தண்ணீர் கீழே போகும்; தெருவில் தண்ணீர் லாரி மேலே வரும்; பத்தாம் வகுப்பு முடிவு வெளியானதும் யாராவது ஒரு தகப்பனார் தம் குழந்தையை அழைத்துக்கொண்டு என் வீட்டுப் படியேறுவார். நாவல் எழுதுகிறவனுக்குப் படிப்பைப் பற்றி என்ன தெரியும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. தலை நரைத்தவன், பகலில் வீட்டில் இருக்கிறவன். ஆலோசனை சொல்ல இந்த இரண்டு யோக்கியதைகள் போதும் போலிருக்கிறது.

இந்தத் தடவை வந்தவன் என் தம்பி மகன். கூடவே அவன் பெண்.

"பெரியப்பா! இவள் டாக்டருக்குப் படிக்கவேண்டும் என்கிறாள். சந்தோஷம். ஆனால் கணக்கு வேண்டாமாம். தாவரவியலும் விலங்கியலும் உள்ள குரூப்தான் வேண்டுமாம். கணக்கோடு உயிரியலும் எடுத்தால், மருத்துவம் கிடைக்காவிட்டாலும் இன்ஜினீயரிங் கதவு திறந்திருக்குமே! நீங்களே இவளுக்குப் புத்தி சொல்லுங்கள்."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிற்பு எனக்குப் பழக்கமானது. நானும் ஒரு காலத்தில் அப்படி நின்றவன்தான்.

தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் வகுப்பு பிறந்த வருஷம் 1978. அதுவரை பள்ளிப் படிப்பு முடிந்தால் கல்லூரியில் ஒரு வருஷம் பி.யு.சி. அந்த ஏற்பாடு போய், புது வகுப்பில் முதல் ஆடுகளாக நுழைந்தவர்களில் நானும் ஒருவன். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்புதான் என் தகப்பனார் தாம்பரம் சானடோரியத்தில் படுத்துக் கிடந்து க்ஷயரோகம் தீர்ந்து வீடு திரும்பியிருந்தார். டாக்டர் சவுரி முத்து 1928-இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. ரயில் நிலையத்துக்கே அதன் பெயர்தான். தினமும் கூஜாவில் கஞ்சி எடுத்துக்கொண்டு அங்கே நடந்த என் தாயார், பிள்ளையை டாக்டராக்குவது என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டாள்.

எனக்கோ ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். செய்முறை வகுப்பில் தவளையைப் பலகையில் குத்திவைத்த அன்று, ஆசிரியர் என்னை வெளியே உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஆனாலும் வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருஷம் திறக்கவில்லை. 1980-இல் மார்க்கு வந்தது. என் சார்பில் அதுவே பேசிற்று. அம்மா என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. பல வருஷம் கழித்து என் முதல் நாவலைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதிலே டாக்டர் யாராவது வருகிறானாடா?" என்று கேட்டாள். வரவில்லை.

தம்பி மகனைக் காப்பிப் பொடி வாங்கி வரச் சொல்லிக் கடைக்கு அனுப்பினேன். வீட்டில் பொடி இருந்தது.

"கணக்கு கஷ்டமா, அம்மா?"

"இல்லை, தாத்தா. தொண்ணூற்றாறு வாங்கியிருக்கிறேன்."

"பின்னே?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "டாக்டர் சீட் கிடைக்காவிட்டால் நர்ஸிங் படிக்கவேண்டும், தாத்தா. அப்பாவிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார்" என்றாள்.

என் தம்பி மனைவி ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தபோது இவள்தான் துணைக்கு இருந்தாள். டாக்டர் காலையில் ஐந்து நிமிஷம் வந்து போவாராம். ராத்திரி முழுதும் வந்து பார்த்தவள் நர்ஸ். பாட்டியைப் புரட்டிப் படுக்கவைக்கும் விதத்தை இவளுக்குக் கற்றுக் கொடுத்தவளும் அவள்தான்.

பொடி வந்தது, காப்பியும் வந்தது. "அப்பாவிடம் நீயே சொல்லு" என்றேன். சொன்னாள். தம்பி மகன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

இனி என் முறை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மருத்துவத்துக்கும் சரி, நர்ஸிங்குக்கும் சரி, இரண்டு குரூப்பும் செல்லும். நீட் தேர்வின் 720 மார்க்கில் உயிரியலுக்கு மட்டும் 360. பெளதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் நூற்றெண்பது நூற்றெண்பது. கணக்குக்குத் தனியே ஒன்றும் இல்லை. ஆனால் பெளதிகம் கணக்கில்லாமல் நடக்காது. கணக்கை விட்டவள் அதற்கு வேண்டியதையாவது தனியாகக் கற்றுக்கொள்ளவேண்டும். கணக்கை எடுத்தவளோ, இரண்டு வருஷம் அந்தச் சுமையையும் சேர்த்துத் தூக்கவேண்டும். இன்னொன்று: கேள்விகள் பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்தும் வரும். அந்தப் பாடத்தைத் தாண்டிக் குதித்துப் பன்னிரண்டுக்கு ஓடும் வழக்கத்தைத் தடுக்கத்தான் 2018-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வைத்தார்கள். 2025-26 கல்வியாண்டிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பரீட்சை போனாலும் பாடம் போகவில்லை.

"ஒருவேளை மனசு மாறி, உயிரியலே இல்லாத குரூப்பில் படித்தாலும், பிற்பாடு அதைத் தனியாக எழுதித் தேறி நீட்டுக்குப் போகலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் அறிவித்திருக்கிறது. ஆகவே குரூப் என்பது தலையெழுத்து அல்ல, அப்பா" என்றேன்.

தம்பி மகன் இதையெல்லாம் கேட்டானோ இல்லையோ! "நர்ஸா?" என்று மட்டும் ஒரு தடவை சொன்னான். பிறகு வெகுநேரம் பேசவில்லை. தாயாரின் கட்டிலை நினைத்துக்கொண்டானோ என்னவோ.

புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மகளைப் பார்த்து, "கணக்கை விட்டுவிட்டால் பெளதிகத்தை எப்படிச் சமாளிப்பாய்?" என்று கேட்டான். குரலில் கோபம் இல்லை. அன்று அவன் என்னைக் கேட்காமல் அவளைக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவள் பதில் சொல்லிக்கொண்டே நடந்தாள். தெருமுனை திரும்பும் வரையில் அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள்.